மருந்து விழுந்த இடம்

எங்கள் தோட்டத்தில் அவரைப் பெட்டி ஐயா என்றுதான் சொல்வோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். "மேமலையிலயும் மழைங்களா ஐயா?" என்று யாராவது கேட்டால், "இந்த முற்றத்திலை பெய்யுது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. தேநீர் கொடுத்து "இனிப்பு போதுமாங்க?" என்று கேட்டால் குடித்துப் பார்த்த பிறகுதான் பதில். முதலில் மனிதர் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, அவர் பிறவியே அப்படி. தான் பார்க்காத ஒன்றைத் தன் வாயால் சொல்லமாட்டார்.

அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. சண்டை நடந்த காலம். ஒருநாள் நான் சாதாரணமாக, "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"போன மாதம் வந்த கடிதத்திலை சுகம் எண்டு இருந்தது" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "நல்லா இருக்கினம்" என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளக்கூட அந்த மனிதருக்கு வராது.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது, எங்கள் தோட்டத்துக் கம்பனிக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தில் எவ்வளவு இலையில் விழுகிறது, எவ்வளவு வீணாகப் போகிறது என்று அளந்து பார்க்கவேண்டும். அதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் இவரை அனுப்பிவைத்தது. பண்டாரவளையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பஸ்ஸில் வருவார். ஒல்லியான நெடிய உருவம். நாற்பது வயதிருக்கும். மடியில் எப்போதும் ஒரு தகரப்பெட்டி.

நான் அப்போது பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் மகள் கலாவும் அங்கேதான் இருப்பாள். அவளுக்கு நாலு வயது. அவர் வேலைக்கு இருட்டறை ஒன்று தேவைப்பட்டது. பிள்ளைக் காம்பராவின் பின்னறைக்கு ஒரே ஒரு சன்னல். தோட்டத்துத் துரை அதைக் கொடுத்துவிட்டார். இவர் சன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மறைத்தார். அப்படித்தான் எனக்கு அவரோடு பழக்கம்.

மருந்துத் தண்ணீரில் அவர் ஒரு பொடியைக் கலந்துவிடுவார். வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மருந்தடித்த செடியிலிருந்து இலைகளைப் பறித்து, வெயில் பட்டால் அந்தப் பொடி மங்கிவிடும் என்று கறுப்புப் பையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். இருட்டறையில் ஊதா நிறமாக எரிகிற ஒரு விளக்கைப் போடுவார். மருந்து விழுந்த இடமெல்லாம் பச்சைமஞ்சளாக ஒளிரும். பெட்டிக்குள் கண்ணாடிச் சில்லு வைத்த ஒரு குழல் இருந்தது. அதை அவர் 'கண்' என்பார். கண்ணை இலைக்கு மேலே பிடித்தால், எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவுக்குப் பெட்டியின் முள் அசையும். அதை வைத்து அந்த இலையில் எவ்வளவு மருந்து விழுந்தது என்று கணக்குப் பண்ணுவார்.

ஒவ்வொரு நாளும் முதலில் மருந்தே படாத ஓர் இலையைத்தான் கண்ணுக்குக் கீழே வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"வெறும் இலையும் கொஞ்சம் ஒளிரும் பிள்ளை. அதைக் கழிக்காமல் சொன்னால் பொய்யாப் போயிடும்."

என் கணவர் மருந்தடிக்கும் ஆட்களில் ஒருவர். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்தபடி, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுவார்கள். ஒருநாள் இலைப்பையைக் கொடுக்க அவரே வந்தார். பகல் சாப்பாட்டு நேரம். நான் கலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டறை வாசலில் நின்றேன். அவளுக்கு அந்த விளக்கைப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆசை. கணவர் உள்ளே போகும் வழியில் அவள் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளிவிட்டுப் போனார். நாங்களும் பின்னாலே போய்க் கதவைச் சாத்தினோம். ஐயா விளக்கைப் போட்டார்.

என் புருஷனின் முதுகு எரிந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. தோளிலிருந்து இடுப்புவரை சட்டை முழுவதும் ஒளிர்ந்தது. கழுத்தில் கோடுகோடாக வழிந்திருந்தது. கைகளில் விரல்களுக்கு நடுவிலும், நகக்கண்ணிலும் அந்தப் பச்சைமஞ்சள். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாங்க ஐயா, நான் சாமி மாதிரி ஜொலிக்கிறேன்!"

ஐயா சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையல்ல, என் இடுப்பிலிருந்த கலாவை. நான் குனிந்து பார்த்தேன். அவள் கன்னத்தில் இரண்டு விரல்கள் ஒளிர்ந்தன.

"பிள்ளையின்ர கண்ணை மூடுங்கோ" என்றார். நான் உள்ளங்கையால் மூடினேன். பெட்டியின் கண்ணை முதலில் கணவரின் முதுகிலும் பிறகு கலாவின் கன்னத்துக்கு நேராகவும் பிடித்தார். முள் அசைந்ததை நானும் பார்த்தேன். சட்டென்று விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் துணியை ஒதுக்கினார். வெளிச்சத்தில் எல்லாம் பழையபடி இருந்தது. அழுக்குச் சட்டை. கலாவின் கறுத்த கன்னம். ஒன்றுமே இல்லை.

"சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. இப்பவே. இனிமேல் குளிச்சிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேணும்."

"அந்தப் பொடி வெசமா ஐயா?"

"பொடியாலை ஒண்டுமில்லை. பொடி இருக்கிற இடத்திலை மருந்தும் இருக்கு."

"அப்ப புள்ளைக்கு ஏதும் ஆவுமா?"

"எனக்குத் தெரியாது."

முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. எங்கள் தோட்டத்தில் இருந்த டிஸ்பென்சரி ஐயாவாக இருந்திருந்தால், "ஒன்னும் ஆகாது போ" என்றிருப்பார். நான் அழுதுகொண்டே பிள்ளையைக் கழுவினேன். அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று நான் நினைத்தபோது, "இன்னொருக்காக் கழுவுங்கோ" என்றார்.

அன்றைக்கே துரையிடம் போயிருக்கிறார். இலையைப் பற்றித்தான் கேட்டோம், ஆளைப் பற்றிக் கேட்கவில்லையே என்று துரை சொன்னாராம். "முதுகிலை விழுறதும் உங்கட மருந்துதானே, அதுவும் வீணாய்ப் போறதுதானே" என்று இவர் சொன்னாராம். அதற்குப் பிறகு ஆட்களுக்கு ரப்பர் அங்கி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் ஏற முடியாது, வெந்துபோய்விடும். ஆட்கள் அதைத் தேயிலைச் செடியில் கழற்றிப் போட்டுவிட்டு மருந்தடித்தார்கள். டாங்கிகள் பழையபடி ஒழுகின. ஐயா இலைகளோடு ஆட்களின் முதுகையும் ஒவ்வொருவராக அளந்து எழுதிவைத்தார்.

மருந்தடிக்கும் ஆட்களில் மூத்தவர் முனியாண்டி அண்ணன். தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தார். மனைவி ராக்கம்மா அக்கா கொழுந்தெடுப்பவள். ஒருநாள் மத்தியானம் முனியாண்டி அண்ணன் மலையில் வாந்தியெடுத்து, டாங்கியோடு விழுந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கம்பனிக்காரர்கள் அவர் குடித்திருந்தார் என்றார்கள். நெஞ்சு வலி என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் விடவில்லை. பதுளையில் விசாரணை வைத்தார்கள். பெட்டி ஐயாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

ராக்கம்மா அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். ஐயா வந்ததைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு தைரியம். அவர் எதையும் மறைக்கவில்லை. டாங்கி எப்படி ஒழுகியது, முனியாண்டியின் முதுகில் எவ்வளவு மருந்து விழுந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். தான் அளந்த எந்த இலையிலும் அவ்வளவு விழவில்லை என்றும் சொன்னார். கம்பனி சார்பில் வந்தவர் எழுந்தார்.

"அந்த மருந்தால்தான் இவர் இறந்தார் என்கிறீர்களா?"

"எனக்குத் தெரியாது."

எங்கள் சங்கத் தலைவர் பதறிப்போய், "இருக்கலாம்னாவது சொல்லுங்க ஐயா" என்றார்.

ஐயா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கலாம் எண்டு சொன்னால், இல்லாமலும் இருக்கலாம் எண்டும் நான் சொல்லவேணும்" என்றார். "எவ்வளவு விழுந்தது எண்டு என்ர பெட்டி சொல்லும். விழுந்தது உடம்புக்குள்ளை போய் என்ன செய்தது எண்டு அதுக்குத் தெரியாது."

அவ்வளவுதான். நட்டஈடு கிடையாது என்று தீர்ந்துவிட்டது. வெளியே படிக்கட்டில் ராக்கம்மா அக்கா அவரை மறித்தாள்.

"ஒரு வார்த்த ஐயா. ஒரே ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயிலிருந்து என்னா கொறஞ்சு போயிரும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நான் அதைப் பாக்கேல்லை அம்மா" என்றார்.

சங்கத் தலைவர் ஐயாவின் காதில் விழும்படி, "கம்பனி ஆளு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து நான் அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவர் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, பழைய டயர் டியூபை வெட்டி, மருந்து டாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒழுகாமல் அடைக்க வாசர் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை. என் கணவர் போய், "நீங்க ஏங்க ஐயா இதெல்லாம்?" என்று கேட்டாராம். "ஒழுகுது எண்டு எனக்குத் தெரியும்" என்றாராம். அந்த வாசர்கள் பல வருஷம் தாங்கின. அதற்குப் பிறகு என் கணவரின் சட்டை முதுகு நனைந்து நான் பார்க்கவில்லை.

அவரை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவே இல்லை. பதுளைப் பாதையில் ஒருநாள் நடந்ததைப் பார்த்த பிறகு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பயம் வந்துவிட்டது.

நானும் கணவரும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதே பஸ்ஸில் முன் சீட்டில் ஐயா இருந்தார், மடியில் பெட்டியோடு. சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பெட்டியைத் திறந்தால் வயர், பேட்டரி, கண்ணாடிக் குழல். துவக்கோடு நின்ற ஆமிப் பையன் சிங்களத்தில் இது என்ன என்று கேட்டான். இவரும் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். பாதி அவனுக்குப் புரியவில்லை. கடைசியாக அவன் சுருக்கமாகக் கேட்டான்.

"இதால் யாருக்காவது ஆபத்து உண்டா?"

என் கணவர் பின்னாலிருந்து மெதுவாக, "இல்லன்னு சொல்லுங்க ஐயா, இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

ஐயா யோசித்தார். கடவுளே, அந்த இடத்தில் நின்று யோசித்தார்! பிறகு, "நேராகப் பார்த்தால் இந்த விளக்கு கண்ணுக்குக் கூடாது" என்றார்.

பையன் பின்னால் பாய்ந்தான். எல்லாத் துவக்குகளும் அவர் பக்கம் திரும்பின. அவரை மண்டியிட வைத்துக் கைகளைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னார்கள். எங்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தபோது அவர் அதே மாதிரி மண்டியிட்டபடி, கேட்ட எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெகுநாள் கழித்துத்தான் விட்டார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நிலையம் வேறு பெட்டியும் கொடுக்கவில்லை. ஒருநாள் வந்து சன்னலிலிருந்த கறுப்புத் துணியைக் கழற்றி மடித்துக்கொண்டார். முகம் ஒட்டிப்போய், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "அடிச்சாங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லச் சொன்னவை" என்றார். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அவரால் குடிக்க முடிந்தது.

அத்தோடு எங்கள் தோட்டத்தில் அளவெடுப்பு நின்றது. மருந்தடிப்பு நிற்கவில்லை.

கலா வளர்ந்தாள். கன்னம் ஒளிர்ந்த கதையை அவள் அப்பா வேடிக்கைக் கதையாக அவளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். "அன்னைக்கு இருட்டுல ஒங் கன்னம் மின்மினி மாதிரி மின்னுச்சு தாயி." அவளும் கேட்டுச் சிரிப்பாள். கல்யாணம் பண்ணிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினோம். முதல் பிள்ளை செத்தே பிறந்தது. மாமியார்க்காரி, "மருந்தடிக்கிறவன் பெத்த புள்ள, ஒடம்பெல்லாம் வெசம்" என்று சொல்லிவிட்டாள். கலா எங்கள் லயத்துக்கே திரும்பி வந்தாள். சாப்பிடமாட்டாள். கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். அவள் உள்ளே இருந்தால் என் கணவர் காம்பராவுக்குள் வரமாட்டார். மழையானாலும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தக் கதையை வேடிக்கையாகச் சொன்ன வாயால் பிறகு அவர் யாரிடமும் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், சிலருக்கு இப்படி நடப்பதுண்டு என்று. நான் சொன்னேன். தோட்டத்துச் சனம் எல்லாம் சொன்னது. கலா கேட்கவில்லை.

"நீங்க எல்லாரும் என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. அந்தப் பெட்டி ஐயா மட்டுந்தான் எனக்காகச் சொல்லமாட்டாரு. அவருகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போக எனக்கு விருப்பமில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை இவள் தாங்கமாட்டாள். ஆனாலும் வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் அப்போது ஓய்வு பெற்று, பண்டாரவளையில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இவ கலாங்க ஐயா. அந்தப் புள்ள" என்றேன். வேறெதுவும் நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. கலாவே எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பிறந்தது, மாமியார் சொன்னது, எல்லாம். கடைசியில், "அன்னைக்கு என் கன்னத்துல பட்டது இருக்கே ஐயா. அதனாலதானா?" என்றாள்.

அவர் அந்தப் புண்ணான கன்னத்தைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அதாலை இல்லை."

"நெசமாவா ஐயா?"

"ஓம். நான் அளந்து பார்த்தனான். உங்கட அம்மா அங்கை நிண்டவ. துடைச்சுக் கழுவினாப்பிறகு ஒண்டும் இருக்கேல்லை. நிச்சயமா அதாலை இல்லை."

கழுவிய பிறகு அவர் அளக்கவே இல்லை. அன்றைக்குச் சன்னல் துணியை ஒதுக்கியவர், விளக்கை மறுபடி போடவே இல்லை. நிச்சயம் என்ற சொல்லை அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதுமில்லை.

கலா அழுதாள். பிள்ளை போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சத்தம்போட்டு அழுதாள். அழுது முடித்து, அவர் கொடுத்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "பஸ் போயிடும், கெதியா நடவுங்கோ" என்றார்.

அன்று சாயந்தரம் கலா தன் அப்பாவைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்து சோறு போட்டாள். லயம் முழுவதும் செய்தி பரவியது. பெட்டி ஐயாவே சொல்லிவிட்டாராம், அந்த மருந்தால் ஒன்றுமில்லையாம்.

மறுநாள் நான் மலைநீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ராக்கம்மா அக்கா வந்தாள். கிழவியாகிவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"அந்த ஆளு ஒம் மகளுக்கு நிச்சயம்னு சொன்னாராமே. அப்ப எம் புருசனும் மருந்தால சாகலயா தங்கச்சி? குடிச்சுத்தான் செத்தாருன்னு அவங்க சொன்னது நெசமா?"

நான் நாலு பக்கமும் பார்த்தேன். கலா தூரத்தில் இஸ்தோப்பில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா" என்றேன். "அவரு சொன்னது பொய். கலாவுக்காகச் சொன்ன பொய். அவளுக்குத் தெரியக்கூடாது. ஒங்க புருசன் விசயம் அவருக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது."

பீலித் தண்ணீர் என் குடம் நிறைந்து வழிந்து எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு ஓடியது. ராக்கம்மா அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கலா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பொய் சொல்ல வருமா?" என்று கேட்டாள். பிறகு வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு, "அப்ப அன்னைக்கு எனக்கும் ஒன்னு சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றாள்.